ஆணிக் கதவின் பதில்

அன்றைக்கு எங்கள் வண்டி பழைய நகரத்தின் கல் வளைவுக்குள் நுழைந்தபோது, வெயில் கூரைகளின் விளிம்பில் மட்டும் மிச்சமிருந்தது. கீழே சந்துகளில் இருட்டு முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தது. பேட்டரி வண்டிக்கு இரைச்சல் கிடையாது. கல் பாவிய தெருவில் சக்கரம் உருளும் கடகடப்பு, அதற்கு மேல் ஒலிபெருக்கியில் சித்தப்பாவின் குரல், அவ்வளவுதான்.

வண்டி சித்தப்பாவுடையது. ஓட்டுவது அப்பா. அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு சித்தப்பாதான் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அப்பா தன் தம்பி முன்னால் வாயைத் திறப்பதில்லை. சித்தப்பா முன் இருக்கையில், பயணிகளைப் பார்த்தபடி, போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கதை சொல்வார். நான் கடைசி இருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான் என் வேலை. ஏறி இறங்குகிறவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும், யாரும் சந்துக்குள் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் வண்டியில் வரமாட்டான். அவன் வேலை வேறு.

இப்போது அவன் என் எதிர்க் கட்டிலில் படுத்திருக்கிறான். விளக்கை அணைக்காதே என்றிருக்கிறான். அதனால்தான் தூங்காமல் இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மெதுவாகத்தான் சொல்ல முடியும்.

அன்றைக்கு வண்டி பாதிதான் நிரம்பியிருந்தது. ஒரு புது மாப்பிள்ளை, அவன் மனைவி, தொப்பி போட்ட ஒரு பெரியவர், வாயை மூடாமல் கடலை கொறித்துக்கொண்டிருந்த அவர் வீட்டம்மா.

"மேல பாருங்க," என்றார் சித்தப்பா. "அந்த மாடியில ஒரே ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருக்கா? பூட்டி எத்தனையோ வருஷமாச்சு. யாரு திறக்குறாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும். கூட்டிப் பெருக்க வருகிற அக்கா திறப்பாள். மூடத்தான் மறந்துபோவாள்.

"சார், வெறும் ஜன்னலாவே காட்டிட்டு வர்றீங்க. பேய் எப்ப வரும்?" என்றான் மாப்பிள்ளை. அவன் மனைவி சிரித்தாள். அவள் சிரித்ததும் அவனுக்கு இன்னும் உற்சாகம் வந்தது.

"பேய் டிக்கெட்ல சேராது தம்பி. அவங்களா வந்தா நான் தடுக்கவும் மாட்டேன்."

இந்தச் சுற்றுலாவே கடைசி நிறுத்தத்துக்காகத்தான். உப்புக் கிடங்குச் சந்து. வண்டி திரும்ப முடியாத முட்டுச் சந்து அது. உள்ளே போனால் பின்னாலேயேதான் எடுக்க வேண்டும். அதன் முடிவில் ஒரு பெரிய மரக்கதவு. கதவு முழுக்க இரும்புக் குமிழ்கள். வெளியிலிருந்து பலகை வைத்து ஆணி அறைந்து மூடியிருக்கும். சுவரெல்லாம் உப்புப் பூத்து, எப்போதும் ஈர வாடை அடிக்கும்.

அந்தக் காலத்தில் கொள்ளைநோய் வந்தபோது கிடங்கின் சொந்தக்காரன் வேலைக்காரர்களை உள்ளே வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனான் என்று சித்தப்பா சொல்வார். எத்தனை பேர் என்பது வண்டியில் இருக்கிறவர்களைப் பொறுத்தது. கிழவர்கள் வந்தால் ஒரு குடும்பம், காதலர்கள் வந்தால் ஒரு பெண். எல்லாம் அவர் சொந்தச் சரக்கு. கதையை முடித்துவிட்டு, "யாராவது தட்டிப் பாருங்க. எத்தனை தட்டுறீங்களோ, அத்தனை பதில் வரும்" என்பார்.

வரும். ஏனென்றால் உள்ளே அண்ணன் இருப்பான்.

பின்தெருவில் கிடங்குச் சுவர் இடிந்து ஒரு ஆள் நுழைகிற ஓட்டை இருந்தது. வண்டி வருவதற்கு முன்பே சைக்கிளில் வந்து அதன் வழியாக உள்ளே போய் நின்றுகொள்வான். கையில் துணி சுற்றிய ஒரு மரச் சுத்தியல். அவனுக்கு அதில் ஒரு பெருமையே உண்டு. வெளியே தட்டியதை எண்ணிக்கொண்டு, நிதானமாகப் பதில் தட்டுவான். கடைசித் தட்டை மட்டும் போடாமல் நிறுத்தி வைப்பான். "அவ்வளவுதானா?" என்று இவர்கள் கதவில் காதை வைக்கும்போது, டம்.

"அந்தக் கடைசித் தட்டுக்குத்தாண்டி காசு. மத்ததெல்லாம் சும்மா," என்பான் என்னிடம்.

அன்றைக்கு அப்பா வண்டியைக் கதவுக்கு எதிரே நிறுத்தினார். எல்லோரும் இறங்கினார்கள். சித்தப்பா கதையை ஆரம்பித்தார். மாப்பிள்ளை இருந்ததால் இன்றைக்குப் பெண் கதை. நான் தண்ணீர் பாட்டில் எடுக்க இருக்கைக்குக் கீழே இருக்கும் பெட்டியைத் திறந்தேன்.

பெட்டிக்குள் சுத்தியல் கிடந்தது.

முந்தின நாள் வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அதை வண்டிப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்திருக்கிறான். ஐயோ, இன்றைக்குப் பதிலே வராது, சித்தப்பா அவனைத் தோலை உரிக்கப்போகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கதவை மூன்று முறை தட்டினான்.

உடனே மூன்று தட்டு திரும்பி வந்தது.

கடலை அம்மா "அடி ஆத்தி" என்று கணவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது துணி சுற்றிய சுத்தியல் மரத்தில் படுகிற சத்தம் இல்லை. கடைசித் தட்டில் தாமதமும் இல்லை. மாப்பிள்ளை எந்த வேகத்தில் தட்டினானோ அதே வேகம், அதே அழுத்தம், பிசகாமல் வந்தது.

வெறும் கையால் தட்டுகிறானா? அந்தக் கதவையா?

மாப்பிள்ளை மறுபடி தட்டினான். இந்த முறை ஐந்து. ஐந்தும் திரும்பி வந்தது. அவன் மனைவி கைப்பேசியில் படம் எடுக்க ஆரம்பித்தாள். "இன்னும் பலமா தட்டுங்களேன்," என்றாள்.

அவன் முஷ்டியை மடக்கிக் குத்தினான்.

உள்ளேயிருந்தும் குத்து வந்தது.

அதோடு சேர்ந்து இன்னொரு சத்தமும். காய்ந்த சுள்ளியை ஒடிப்பது போல.

நான் சித்தப்பாவின் கையைப் பிடித்தேன். "சித்தப்பா, போதும். நிறுத்தச் சொல்லுங்க. அண்ணன்கிட்ட சுத்தியல் இல்ல."

அவர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டார். "வாயை மூடுடி. இன்னிக்குத்தான் பையன் உருப்படியா பண்றான்." பிறகு கையை எடுத்துவிட்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி, "பாருங்க, தினமும் வர்ற எங்க வீட்டுப் பொண்ணே நடுங்குறா!" என்றார்.

தொப்பிக்காரர் என்னைப் பார்த்துக் கைதட்டினார். "நல்லா நடிக்குதே பாப்பா."

மாப்பிள்ளை இப்போது இரண்டு கையாலும் தட்டினான். எண்ணிக்கையெல்லாம் இல்லை. உள்ளேயிருந்தும் அப்படியே வந்தது. ஆனால் சத்தம் மாறியிருந்தது. முன்பு எலும்பு மரத்தில் படுவதுபோல் இருந்தது. இப்போது ஈரத் துணியைக் கல்லில் அறைவதுபோல்.

நான் ஓடினேன்.

சந்தை விட்டு வெளியே, மூலை திரும்பி, பின்தெருவில் அந்த இடிந்த சுவர். அண்ணனின் சைக்கிள் சாய்ந்து நின்றது. உள்ளே குனிந்து நுழைந்ததும் வௌவால் எச்ச வாடையும் உப்பு வாடையும் மூக்கை அடைத்தன. அதற்கு நடுவில் புதிதாக இன்னொன்று. கறிக்கடை வாடை.

கைப்பேசி வெளிச்சத்தைத் திருப்பினேன்.

அண்ணன் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். நிற்கவில்லை. ஆணியில் மாட்டிய சட்டை போல அவன் உடம்பு மொத்தமும் உயர்ந்திருந்த வலது கையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கால் விரல்கள் மட்டும் தரையைத் தொட்டன. கண்கள் திறந்திருந்தன. வாயும் திறந்திருந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. மூச்சை உள்ளே இழுத்தவனுக்கு வெளியே விட அனுமதி கிடைக்காதது போல.

வெளியே மாப்பிள்ளை தட்டினான்.

அண்ணனின் கை பின்னால் போய், கதவில் மோதியது.

நான் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

பிடிக்க இடமில்லை. அங்கே ஏற்கெனவே விரல்கள் இருந்தன.

கண்ணுக்குத் தெரியவில்லை. என் விரலுக்குத் தெரிந்தது. குளிர்ந்த, சொரசொரப்பான, உப்புப் படிந்த விரல்கள். அவை என்னை எதுவும் செய்யவில்லை. நான் ஒருத்தி இருப்பதாகவே கண்டுகொள்ளவில்லை. வெளியே தட்டுவதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

"தட்டாதீங்க!" என்று கதவோடு முகத்தை வைத்துக் கத்தினேன். "தயவுசெஞ்சு தட்டாதீங்க! செத்துடுவான்!"

தட்டுவது ஒரு நொடி நின்றது.

அப்புறம் அந்தப் பக்கம் ஆரவாரம். சிரிப்பு. கைதட்டல். "குரலும் வருதுங்க! பொண்ணு குரல்!" என்று மாப்பிள்ளையின் மனைவி கத்துவது கேட்டது. "பொண்ணுதான்னு நான் சொல்லல?" என்றார் சித்தப்பா. "கூப்பிடுறா பாருங்க. தட்டுங்க தம்பி, தட்டுங்க!"

அவன் தட்டினான்.

கதவுக்கும் அண்ணன் கைக்கும் நடுவில் என் தோளைக் கொடுத்தேன். முதல் அடியில் கீழே விழுந்தேன். எழுவதற்குள் அடுத்தது கதவில் விழுந்தது. என் அண்ணன் எனக்கு இரண்டு விரலில் பம்பரம் விடச் சொல்லிக்கொடுத்தவன். அந்த விரல்கள் எந்தப் பக்கம் மடங்கியிருந்தன என்று நான் சொல்லமாட்டேன்.

திடீரென்று நின்றது.

வெளியே, "என்ன சார், மேல கை வைக்கிறீங்க?" என்று மாப்பிள்ளை எகிறுவது கேட்டது. அதற்குப் பதிலாக அப்பாவின் குரல். அந்த வண்டியில் ஏறிய பிறகு அவ்வளவு பெரிய குரலை நான் கேட்டதில்லை.

"உள்ள கத்துறது என் பொண்ணுடா!"

அண்ணன் மொத்தமாக என் மேல் சரிந்தான். அப்போதுதான் அவனுக்கு அலற முடிந்தது.

ஆஸ்பத்திரியில் சித்தப்பா, கை ஷட்டரில் மாட்டிக்கொண்டது என்று சொன்னார். டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "ஷட்டர்ல மாட்டினா ஒரு தடவை நசுங்கும். இது திரும்பத் திரும்ப அடிச்ச மாதிரி இருக்கு." பிறகு அம்மாவிடம் தனியாகச் சொன்னார். "கம்பி வெச்சுக் கட்டியிருக்கேன். கை இப்போதைக்குத் தப்பிச்சிருக்கு. இதுல இன்னொரு அடி பட்டா எடுக்கத்தான் வேண்டியிருக்கும். பத்திரமா பாத்துக்குங்க."

அண்ணன் என்னிடம் மட்டும் பேசினான்.

"முதல்ல மெதுவாத்தான் பிடிச்சுது," என்றான். "சுத்தியல் இல்லாம நான் சும்மா நின்னுட்டு இருந்தேன். சின்னப் பிள்ளைக்குக் கையைப் பிடிச்சு எழுதச் சொல்லித் தருவாங்கல்ல, அந்த மாதிரி பிடிச்சுது. இத்தனை நாளா நான் தப்பாத் தட்டிட்டு இருந்த மாதிரி."

மாப்பிள்ளையின் மனைவி எடுத்த படம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அதில் என் அலறல்தான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. சித்தப்பாவின் கைப்பேசி ஓயாமல் அடித்தது. வாரம்கூட முடியவில்லை, வண்டியைத் துடைக்கச் சொல்லிவிட்டார்.

"பையனுக்கு ரெஸ்ட் குடுப்போம்," என்றார் பெருந்தன்மையாக. "உள்ள ஒரு ஸ்பீக்கர் வெச்சுட்டா போச்சு."

அன்று சாயங்காலம் நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அம்மா அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கட்டுப்போட்ட கை மடியில் இருந்தது. அது எழுந்தது. கட்டிலோரச் சுவரில் இரண்டு முறை தட்டியது.

"சும்மா இருடா, வலிக்கப்போகுது," என்றாள் அம்மா.

"நான் இல்லம்மா," என்றான் அண்ணன்.

மறுபடி எழுந்தது. நான் தலையணையை எடுத்துச் சுவருக்கு முன்னால் பிடித்தேன்.

அப்பா திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார். "ஸ்பீக்கர் வேலை செய்யல," என்றார். "ஆனா பதில் வந்துது."

அதற்குப் பிறகு சாயங்காலம் என்றால் எங்கள் வீட்டில் தலையணைகளை அடுக்கிவிடுவோம். மெத்தையைச் சுவரில் சாய்ப்போம். கையைப் போர்வையால் சுற்றி அம்மா தன் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். அங்கே வண்டி நிற்கும் நேரம் இங்கே கை துள்ளும். யாரோ முகம் தெரியாத ஆட்கள். ஒருவர் பயந்து பயந்து ஒரே ஒரு தட்டு. அடுத்தவர் குழந்தையைத் தூக்கித் தட்ட வைத்தாரோ என்னவோ, பொடிப்பொடியாக வரும். ஒவ்வொரு தட்டும் அம்மாவின் மடியில் விழும். கட்டுத் துணியில் ரத்தம் கசியும்.

சித்தப்பா எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்; அப்பா மேலே போய் அவரிடம் கெஞ்சினார். படிக்கட்டில் நின்று கேட்டேன்.

"அந்த ஒரு நிறுத்தத்தை மட்டும் விட்டுடுடா. மத்த இடமெல்லாம் காட்டு. நான் வேணாங்கல."

"அண்ணே, அவங்க வர்றதே அதுக்குத்தான். விட்டுட்டு ஜன்னலைக் காட்டவா?"

"பையன் கை போயிடும்டா."

"வலிப்பு வந்தா கை துள்ளத்தான் செய்யும். நல்ல டாக்டரா பாருங்க. அதுக்காகக் கதவு மேல பழியப் போடாதீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்க வண்டிய ஓட்டுங்கண்ணே, போதும்," என்றார்.

அப்பா இறங்கி வந்தார். என்னைத் தாண்டிப் போனார்.

விடியற்காலையில் நான் கண் விழித்தபோது அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு நிம்மதி. "அப்பா சம்மட்டிய எடுத்துட்டுப் போயிருக்காரு," என்றாள். "அந்தக் கதவையே உடைச்சுப் போட்டுட்டு வந்துடறேன்னாரு. கதவே இல்லன்னா எவன் தட்டுவான்?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"அம்மா," என்றேன். "உடைக்கிறதும் தட்டுறதுதானேம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

அப்பாவின் கைப்பேசிக்கு அடித்தேன். அது சமையலறை அலமாரியில், சார்ஜரில் கிடந்து பாடியது.

உள்ளே அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். விடியற்காலை என்பதால் தலையணைகள் இல்லை, மெத்தை இல்லை. நாங்கள் ஓடி வரும்போதே கை எழுந்திருந்தது. இதுவரை இல்லாத உயரத்துக்கு, தோள்பட்டை நெறிய, பின்னால் வளைந்து போய் நின்றது. சம்மட்டியை ஓங்கினால் எப்படிப் போகுமோ அப்படி.

அம்மா அந்தக் கையின் மேல் விழுந்து மொத்த உடம்பாலும் அழுத்தினாள்.

அது அம்மாவையும் சேர்த்துத் தூக்கியது.

எத்தனை என்று கேட்காதீர்கள். அப்பா நல்ல பலசாலி. அது கனமான கதவு.

முடிந்த பிறகு சுவரில் காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கு நினைவில்லை. நான் துணிமேல் துணியாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார். தலையெல்லாம் மரத்தூள். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"முடிச்சுட்டேன்," என்றார். "சுக்கு நூறா உடைச்சுட்டேன். இனிமே ஒருத்தனும் தட்ட முடியாது."

அப்புறம்தான் சுவரைப் பார்த்தார்.

அண்ணனின் கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்பா அதற்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை. கதவு, மேசை எதன்மேலும் கையை வைப்பதில்லை. இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சித்தப்பா வேறு ஓட்டுநரைப் போட்டுக்கொண்டார். உடைந்த வாசலுக்கு முன்னால் கயிறு கட்டி, இப்போது புதுக் கதை சொல்கிறார். "இங்கதான் ஒரு பையன் தன் கையைத் தானே..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவாராம். வண்டி நிரம்பி வழிகிறதாம்.

கதவு இல்லை. கையும் இல்லை. இனி தட்ட எதுவும் இல்லை என்றுதான் நினைத்தோம்.

இன்றைக்கு விளக்கை அணைக்காதே என்று அண்ணன் ஏன் சொன்னான் என்று இப்போது தெரிகிறது. போர்வைக்குள் அவனுடைய அரைக் கை எழுந்து எழுந்து தாழ்கிறது. அது சுவருக்கு எட்டவே எட்டாது. ஆனால் சுவரில் சத்தம் கேட்கிறது. கை இருந்திருந்தால் எங்கே பட்டிருக்குமோ, சரியாக அங்கேயிருந்து.

எங்கள் வீட்டுச் சுவர் செங்கல். சத்தம் மரத்தின் சத்தம்.

"யாருண்ணா தட்டுறா?" என்று கேட்டேன்.

"யாரும் தட்டல," என்றான். கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை. "இவ்வளவு நாளா அது பதில்தான் சொல்லிட்டு இருந்துது. இப்ப அதுவா கூப்பிடுது."

"என்ன பண்றது?"

"அசையாத. எண்ணாத. நீ கேக்குறன்னு அதுக்குத் தெரியக் கூடாது."

நான் எண்ணவில்லை. கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அசையாமல்தான் இருந்தேன்.

கடைசித் தட்டு மட்டும் அந்தச் சுவரில் கேட்கவில்லை.

என் தலைமாட்டில் கேட்டது.